கட்டிலுக்கடியில் ஒரு பிரசவம்

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். சிவகாசியில் அந்தச் சில வாரங்கள்தான் பெண்கள் பகலில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் காலம். அச்சகங்களுக்கு அப்படியில்லை. புது வருடக் காலண்டர் ஆர்டர்கள் அப்போதுதான் வந்து குவியும். நான் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எனக்கு ராத்திரி ஷிப்ட் விழுந்தது. இருட்டுகிற நேரத்தில் போய், விடிந்தபின் வந்து படுப்பேன். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் சீமைக்கருவேல மரங்கள்தான். மனைவியும் எட்டாவது படிக்கும் மகளும் ராத்திரியில் தனியாக இருக்க வேண்டியிருந்தது.

"ஒரு நாய் இருந்தா நல்லாருக்கும்ங்க" என்றாள் மனைவி.

நான் நினைத்தது ஒரு நாட்டு நாயை. செவலையோ கருப்போ, கேட்டுக்கு உள்ளே நின்று குரைத்தால் ஆள் தயங்கும்படியாக ஒன்று. விருதுநகரில், மூடிக்கிடந்த ஓர் எண்ணெய் ஆலையில் ஆதரவில்லாத நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள் என்று மகளின் டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம்.

ஆலை நின்று பல காலம் ஆகியிருந்தது. ஆனாலும் சிமெண்டுத் தரையில் கடலை எண்ணெய் ஊறிப்போயிருந்தது. கட்டிப்போட்டிருந்த நாய்களில் சில, படுத்தபடியே தரையை நக்கிக்கொண்டிருந்தன. அந்த இடத்தை நடத்தியவர் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு நாயின் காதில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"எந்த ஊர்ல இருந்து வாறீக?"

"சிவகாசி."

அப்போது நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலை பாக்கீக?"

நான் பிரஸ் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மனைவிக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. "நான் பட்டாசுக் கம்பெனியில பாக்கிங் பாக்கேன்க்கா" என்றாள்.

அந்த அம்மாள் மருந்துப் புட்டியை மூடி வைத்தார். "இங்கன கிடக்குறதுல பாதி, தீபாவளி வெடிக்குப் பயந்து கயித்த அத்துக்கிட்டு ஓடி, வீடு திரும்பத் தெரியாம நின்னதுகதான். இதுகளத் திரும்பச் சிவகாசிக்கே அனுப்புறதான்னு யோசிக்கேன். தப்பா நினைக்காதீக."

"இல்லக்கா. எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் கம்பெனிக்குப் போறவுகதான். யாரும் காசக் கரியாக்க மாட்டாக. நாளெல்லாம் அதையே பாத்துட்டு வாரவுகளுக்கு அத வெடிச்சுப் பாக்கணும்னு எங்க ஆசை வரும்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார்.

நான் பெரிய நாய்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பழைய செக்கு மேடைக்குப் பின்னால் ஒரு சாக்கின் மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. தலையணைப் பஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அது தலையைத் தூக்கியதும்தான் நாய் என்று தெரிந்தது. பொமரேனியன் ஜாதி. என் முழங்காலுக்குக்கூட எட்டாது. ஒரு காதில் மட்டும் டீ கொட்டியதுபோல் பழுப்புத் திட்டு. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்ததாம். வளர்த்தவர்கள் தேடி வரவில்லை.

மனைவி அதன் முன்னால் குத்தவைத்துக் கையை நீட்டினாள். கம்பெனி பூட்டி இரண்டு வாரமாகியும் அவள் விரல்களில் வெடிமருந்து வாடை போயிருக்கவில்லை. சாப்பிடும்போது எனக்கே தெரியும். நாய்க்குத் தெரியாமல் இருக்குமா? வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த நாய். அது பின்வாங்கும் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். பேங்க் அம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நாய் எழுந்து வந்தது. கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தது. சுண்டு விரலுக்கு வந்ததும் பலமாக ஒரு தும்மல் போட்டது. பிறகு திரும்பி, மனைவியின் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் நம்பரக் குறிச்சுக்கோங்க. எதுன்னாலும் கூப்பிடுங்க" என்றார்.

காவலுக்கு என்று கிளம்பிப் போனவர்கள், மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இது கடிக்குமாண்ணே, இல்ல சாவி குடுத்தா நடக்குமா?" என்று கேட்டார்.

மகள் தினமும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தாள். எதற்கும் அது திரும்பவில்லை. மனைவி பொதுவாகப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி "ஏத்தா, இங்கன வா" என்பாள். அதற்குத்தான் ஓடி வந்தது. அதன்பின் எல்லாருக்கும் அது ஆத்தாதான்.

கம்பெனி திறந்து, மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் அவள் கம்பெனி வேனுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, நான் வந்து படுப்பேன். பகல் முழுவதும் அந்த வீட்டில் நானும் நாயும்தான். அதற்குமுன் நான் எந்த மிருகத்தோடும் ஒரே அறையில் இருந்ததில்லை. அதன் காதுக்குக் கேட்பதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வெளியே ஆனைக்குட்டம் பக்கம் எங்கேயோ சரவெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்காது. அது எழுந்துபோய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நின்றுகொள்ளும். சாயங்காலம் அது வாசலுக்குப் போய் வாலை ஆட்ட ஆரம்பித்தால், மனைவியின் வேன் மெயின் ரோட்டில் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ வேன்கள் போகிற ரோடு அது. நான் சும்மா படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதன் வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. மனைவி இட்லியில் நெய் விட்டுப் பிசைந்து கொடுப்பதுதான் காரணம் என்று நான் திட்டினேன். "பட்டினி கிடந்த ஜீவன், கொஞ்சம் தேறட்டும்ங்க" என்பாள். அடர்ந்த முடி வேறு. எங்கள் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள், வெளியே சன்னமாக மழை பிடித்திருந்தது. நான் படுத்துக் கண்ணை மூடியதும் கட்டிலுக்கு அடியில் கரகரவென்று காகிதம் கிழிகிற சத்தம். பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட்களை அவ்வப்போது வீட்டுக்குக் கொண்டுவருவேன், அலமாரியில் விரிக்க, மகளின் நோட்டுக்கு அட்டை போட. அவற்றைக் கட்டிலுக்கடியில்தான் அடுக்கியிருந்தோம். குனிந்து பார்த்தேன். நாய் முன்னங்கால்களால் தாள்களைப் பறித்துப் பறித்துக் கிழித்து ஒரு குழி போலச் செய்துகொண்டிருந்தது. மேலே கிடந்ததெல்லாம் முருகனும் லட்சுமியும். பதறிப்போய்ச் சாமி படங்களை உருவி எடுத்தேன். மிச்சமிருந்தவை ஏதோ வெளிநாட்டுப் பனிமலைகள். அதை எடுத்துக்கோ என்று விட்டுவிட்டேன்.

அது சாப்பிடவில்லை. தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்பியது. வாயைத் திறந்து மூச்சிரைத்தது. உடம்பு நடுங்கியது. விஷம் ஏதும் தின்றுவிட்டதோ என்றுதான் எனக்கு முதலில் பயம். அப்போது அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. வயிற்றின் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டதைப் பார்த்தேன்.

செல்போனை எடுத்து விருதுநகருக்கு அடித்தேன். பேங்க்கில் கவுண்டரில் இருந்தார். பின்னால் ஆட்கள் பேசுகிற இரைச்சல்.

"மேடம், அந்த வெள்ள நாய்க்குக் குட்டி வரும்போல இருக்கு."

"என்ன சொல்லுதீக? நானே அத ரெண்டு தரம் குளிப்பாட்டுனேன்... எனக்குத் தெரியலையே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "பயப்படாதீக. அதுபாட்டுக்கு விடுங்க, தொடாதீக. குளிர் படாமப் பாத்துக்கோங்க. ரொம்ப நேரம் முக்கியும் ஒண்ணும் வரலேன்னா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க." லைன் நீளுது என்று யாரோ சத்தம் போட, போனை வைத்துவிட்டார்.

தொடாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலை மெல்லத் தள்ளி நகர்த்தினேன். ஜன்னல் வெளிச்சம் நாயின் மேல் விழுந்தது. அது ஒரு முறை முனகியது. நானும் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, என்னண்ணே? யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

பக்கத்து வீட்டு அம்மாவின் குரல். எங்கள் ஜன்னலுக்கு நேரே இடுப்பளவுக்குச் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுக் கொல்லை. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். அந்த அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். நாய் வந்த அன்றே சுவரோரம் வந்து, "அண்ணே, அது எச்சி பட்டா தொளுகைக்கு முன்னால களுவிச் சுத்தம் பண்ணணும். இந்தப் பக்கத்துக் கதவ மட்டும் சாத்தி வச்சுக்கோங்க" என்று தன்மையாகச் சொல்லியிருந்தார். நாங்களும் அப்படியே இருந்தோம். அதற்கு மேல் அந்த நாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நாய்க்குப் பிரசவம்மா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நாய்க்கா?" துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "அக்கா வேலைக்குப் போயிட்டாகளா?"

"ஆமா."

"வெந்நி வச்சுத் தரவா?"

"எதுக்குன்னு தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியல. பிரசவம்னா எல்லாரும் வெந்நி வைப்பாக, அதான் கேட்டேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உள்ளே போய் ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்துக் கொண்டுவந்து சுவருக்கு மேலாக நீட்டினார். வாங்கி நாயின் முதுகுப் பக்கம் அணைவாக வைத்தேன். அவர் போய்விடவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூறலில் நனைந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாய் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகை வளைத்தது. சத்தமே இல்லை. பளபளவென்று கண்ணாடித்தாளில் சுற்றியதுபோல் ஒன்று வழுக்கிக்கொண்டு தாளின் மேல் விழுந்தது. நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன். நாய் ஒரு கணமும் யோசிக்கவில்லை. திரும்பி, அந்த உறையைப் பல்லால் கிள்ளிக் கிழித்தது. கொடியைக் கடவாயில் வைத்துக் கடித்துத் துண்டித்தது. முகத்தை நக்கியது, வயிற்றை நக்கியது, புரட்டிப் போட்டு முதுகை நக்கியது. என் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி, சுருங்கின பழுப்பு முகம், காற்றைத் துழாவியபடி வாயைத் திறந்தது. கீச்சென்று ஒரு சத்தம்.

நேற்றுவரை இட்லிக்கு வாலாட்டிக்கொண்டிருந்த நாய் அது. சரவெடிக்குச் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிகிற நாய். இப்போது அதன் முகத்தில் பயம் என்பதன் சுவடே இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்பதுகூட அதற்கு ஒரு பொருட்டில்லை. எங்கள் பிரஸ்ஸில் முப்பது வருட அனுபவமுள்ளவர்கள் மெஷின் முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில்கூட இப்படி ஒரு தயக்கமின்மையைப் பார்த்ததில்லை.

"ஒண்ணு வந்துட்டு" என்றேன்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் அந்த அம்மா.

இரண்டாவது வரத் தாமதமானது. நாய் முக்கியது, ஓய்ந்தது, மறுபடி முக்கியது. வந்தபோது அது அசையவில்லை. நாய் உறையைக் கிழித்து நக்கியது. குட்டியின் தலை ஒரு பக்கமாகத் துவண்டது. வெள்ளைக் குட்டி, உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அது இல்லம்மா" என்றேன்.

நான் ஒரு துண்டுத் தாளை எடுத்தேன், குட்டியை அதில் எடுத்து அப்புறப்படுத்திவிடலாம் என்று. முதல் குட்டியை அது பார்க்க வேண்டுமே. கையை நீட்டினேன். நாய் உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. தன் மூக்கால் என் கையை ஒதுக்கியது, அவ்வளவுதான். வேலையாக இருப்பவர்கள் குறுக்கே வந்த பிள்ளையை ஒதுக்குவதுபோல. பிறகு மறுபடி நக்க ஆரம்பித்தது.

அப்படி ஒரு நாய் நக்கியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அன்பாக நக்குவது இல்லை அது. முரட்டுத்தனமாக, குட்டி தாளோடு தாளாக இழுபட, நெஞ்சிலும் தொண்டையிலும் முகத்திலும் விடாமல் நக்கியது. மூக்கால் முட்டிப் புரட்டியது. வாயில் கவ்வித் தூக்கி, கீழே வைத்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. போதும் விடு, போதும் விடு என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் நாக்கு ஓயவில்லை. நம்பிக்கை, அவநம்பிக்கை என்று நாம் சொல்வதெல்லாம் அதனிடம் இருந்ததாகத் தெரியவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தது.

குட்டியின் விலா ஒரு முறை துடித்தது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். வாய் திறந்தது. ஒரு குமிழி வெளியே வந்து உடைந்தது. பிறகு, கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

"அல்லாவே" என்றார் அந்த அம்மா, மெதுவாக. திரும்பிப் பார்த்தேன். சுவரின் அந்தப் பக்கம் ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. அவர்தான். நாய் வந்தபின் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். அறை வாசலில் தயங்கி நின்று, பிறகு நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். நாயைத் தொடவில்லை, அதன் பக்கத்தில் வரவுமில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த வெள்ளைக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது பிள்ளைக்கு நான் செத்துப் பொளச்சேன்" என்றார். "எல்லாரும் ஏதேதோ சொல்லுவாக. நான் அப்ப என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியாது. இப்ப இதப் பாக்கையில, நானும் இப்படித்தான் ஏதோ செஞ்சிருப்பேன்னு தோணுது."

நான் தலையை ஆட்டினேன்.

மூன்றாவது குட்டி சுலபமாக வந்தது. கருப்புத் திட்டுக்கள் போட்டது. நாய் மூன்றையும் மூக்கால் தள்ளித் தள்ளித் தன் வயிற்றோடு சேர்த்தது. கண் திறக்காத, காது கேட்காத அந்தத் துணுக்குகள் தத்தித் தவழ்ந்து, ஆளுக்கொரு காம்பைக் கண்டுபிடித்துக்கொண்டன. அறையில் பால் குடிக்கும் சத்தமும் மழைச் சத்தமும் மட்டும் இருந்தன. தொழுகைக்கு நேரமாச்சு என்று அந்த அம்மா எழுந்து போனார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் குப்புறப் படுத்துக்கொண்டாள். "யப்பா, நீ எல்லாத்தயும் பாத்தியா? எல்லாத்தயும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறாமை தாங்கவில்லை அவளுக்கு. அன்றைக்கு வேன் சத்தத்துக்கு நாய் வாசலுக்குப் போகவில்லை. காதை மட்டும் நிமிர்த்தியது. மனைவி உள்ளே வந்து பார்த்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "நெய்யினால வந்த வயிறுன்னீகளே" என்றாள். பிறகு நாயின் தலையைத் தடவி, "ரொம்பக் கஷ்டப்பட்டியாத்தா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் ஷிப்டுக்குப் போகவில்லை. மகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம புள்ள பொறந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் அதைக் கேட்பதில்லை, பெண்கள் சொல்வதில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மற்ற ஆண்களோடு நின்றிருந்தேன். துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியாது.

"குளிருச்சு" என்றாள். "நல்ல வெயில் காலம், எனக்கு மட்டும் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. மேல ஒரு ஃபேன், ஓடாது. அதோட றெக்கையில ஒரு புறா உக்காந்திருந்துச்சு. வலி வரும்போதெல்லாம் அந்தப் புறாவத்தான் பாப்பேன். அதுவும் குனிஞ்சு என்னப் பாக்கும்." நாயின் காதை வருடினாள். "புள்ள உடனே அளுகல. ஆயாம்மா காலப் பிடிச்சுத் தூக்கித் தட்டுனா. அப்புறந்தான் அளுதா. அந்த இடைவெளியில எனக்கு ஒண்ணுமே கேக்கல, பாத்துக்கோங்க. உலகமே சத்தமில்லாம நின்னுச்சு."

பக்கத்து அறையிலிருந்து மகள் ஏதோ செய்யுளை இழுத்து இழுத்துச் சொல்லும் குரல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடமாகத் தினமும் கேட்ட குரல்தான். அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய அதிசயமாக இருந்தது. எழுந்து போய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேங்க் அம்மாள் ஒரு மாட்டு டாக்டரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்றார். அந்த அம்மாள் குட்டிகளைக் கையில் எடுக்காமல், நாயின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தராம அனுப்பியிருந்தா, அந்தச் சாக்கு மேல கிடந்துல்ல பெத்திருக்கும்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா தினமும் சுவரோரம் வந்து விசாரிப்பார். "அந்த ரெண்டாவது எப்படிண்ணே இருக்கு? பால் குடிக்கா?" மற்ற இரண்டையும் பற்றிக் கேட்க மாட்டார்.

மார்கழியில் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலுக்கடியில் குனிந்தேன். வெள்ளைக் குட்டி என் பக்கம் முகத்தைத் திருப்பியது. ஒரு கண்ணில் மெல்லிய கீறல்போல் திறப்பு. உள்ளே, மழைக்கு முந்தின வானம்போல ஒரு நிறம். தினமும் நான்கு வண்ண மையோடு புழங்குகிறவன் நான். எதை எதோடு எவ்வளவு கலந்தால் அது வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது என்னைப் பார்த்ததா, வெளிச்சத்தைத்தான் பார்த்ததா, தெரியாது. நான் ஜன்னலுக்குப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஓடியாங்க. கண்ணு தொறந்துட்டு."

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்தார். குட்டியை ஒரு துணியில் வைத்து ஜன்னலோரம் தூக்கிக் காட்டினேன். அவர் சுவரின் மேல் சாய்ந்து, தன் முகத்தை அதற்கு நேராகக் கொண்டுவந்தார். நாய் என் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி ஒற்றைக் கண்ணால் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஒரு கொட்டாவி விட்டது.